மலையகத்து வீட்டுத்தோட்டம்: செடி வளர்க்கவும் கொடுத்து வாங்கவும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பல வருஷம் தேயிலை நர்சரியில் வேலை செய்தவர். கோயில் திருவிழா, கலியாண வீடு, சந்தை, பஸ் வரிசை என்று எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் பூச்செடி பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நமக்குத் 'தோட்டம்' என்றால் தேயிலைத் தோட்டம்தான். அதனால் வீட்டைச் சுற்றி நாம் வளர்ப்பதை வீட்டுத்தோட்டம் என்றே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எந்தச் செடி வரும், எது வராது? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் உங்கள் வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 1,000 மீற்றர் மேலே ஏறினால் குளிர் ஆறு பாகைக்கு மேல் கூடும். கொழும்பில் வருஷ சராசரி வெப்பம் 27 பாகை செல்சியஸுக்கு மேல், நுவரெலியாவில் 16 பாகை அளவுதான். ஒரே நாடு, ஆனால் செடிக்கு அது இரண்டு வேறு உலகம்.

கண்டி, பேராதனை, கம்பளைப் பக்கம் சுமார் 500 மீற்றர். அங்கே குரோட்டன், ஹெலிகோனியா, டென்ட்ரோபியம் ஓர்கிட், மல்லிகை, கறிவேப்பிலை எல்லாம் கேட்காமலே வளரும். பதுளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அட்டன், பண்டாரவளை உயரம் 1,200 மீற்றரைத் தாண்டியது. இது நடுவழி. அந்தூரியம், பெகோனியா, கொடித்தோடை, மரத்தக்காளி, ஆனைக்கொய்யா நன்றாக வரும். மல்லிகையும் கறிவேப்பிலையும் இடம் பார்த்து வைக்கவேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர். தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல் மேல் வெள்ளையாக உறைபனி விழும் ஊர். அங்கே வெப்ப நாட்டுச் செடியை வெளியில் வைத்தால் ஒரே இரவில் இலை கருகிவிடும். டேலியா, ஹைட்ரேஞ்சியா, சிம்பிடியம் ஓர்கிட் போன்ற குளிர் விரும்பிகள்தான் அங்கே ராஜா.

கண்டியில் இருக்கும் அக்கா வீட்டில் பார்த்த செடியை ராகலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, 'என் கை ராசியில்லாத கை' என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர். கையில் குறை ஒன்றும் இல்லை. உயரம்தான் வேறு.

நடுவதற்கு நல்ல மாதம் எது?

அட்டன், மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. முதல் மழை விழுந்து மண் ஊறியதும் நடலாம். கொட்டும் மழை நடுவில் நட்டால் வேர் பிடிக்குமுன் அழுகும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கணக்கு வேறு. அங்கே ஆனி, ஆடியில் காய்ந்த காற்றுத்தான் அடிக்கும். அவர்கள் ஐப்பசி மழையோடு நடுவது நல்லது.

தை முதல் பங்குனி வரை அட்டன் பக்கம் வெயில் காலம். அப்போது புதிதாக எதையும் நடாமல், இருப்பதற்குத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

எங்களுக்கு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முன்வாசல் மட்டும்தான். இவ்வளவு இடத்தில் என்ன வளர்க்க முடியும்?

நிறைய வளர்க்க முடியும். நான் பார்த்த அழகான வீட்டுத்தோட்டங்களில் பாதி லயத்து வாசலில்தான் இருந்தன. பால்மா டின், பழைய வாளி, உரப்பை, பெயின்ட் வாளி எதுவும் சாடிதான். அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, அதன் மேல் ஒரு கை செங்கல் துண்டு போட்டுவிட்டால் தண்ணீர் தேங்காது. கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பெகோனியாவும் அந்தூரியமும், வெயில் விழும் ஓரத்தில் ரோசாவும் செவ்வரத்தையும், இறவாரத்தில் தொங்கும் டின்னில் பன்னம், பீலித் தண்ணீர் வழிந்து ஓடும் ஈரத்தில் சேம்பும் வல்லாரையும் ரம்பையும். இப்படி ஒவ்வொரு செடிக்கும் அதன் இடம் தெரிந்து வைத்தால் பத்தடி வாசலில் முப்பது செடி வைக்கலாம்.

தனி வீடு கிடைத்து ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று காணி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷமே எல்லாவற்றையும் சீமெந்து போட்டு மூடிவிடாதீர்கள். நாலு மரம் நிற்க மண் விடுங்கள்.

சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. டெங்கு நுளம்புக்கு அந்தக் கொஞ்சத் தண்ணீர் போதும். தட்டே இல்லாமல் வைப்பது இன்னும் நல்லது.

தேயிலை நின்ற மண்ணில் பூச்செடி வருமா?

வரும், ஆனால் எல்லாம் வராது. தேயிலை புளிப்பு மண்ணில் வாழும் செடி. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால்தான் அதற்குச் சுகம். பெரும்பாலான காய்கறிக்கு 6க்கு மேல் வேண்டும். அதனால்தான் தேயிலை பிடுங்கிய இடத்தில் முதல் வருஷம் போட்ட போஞ்சியும் கோவாவும் மஞ்சளாகி நிற்கும். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு பிடி, இரண்டு பிடி டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) தூவிக் கிளறி, இரண்டு வாரம் விட்டு நடுங்கள். மாட்டெருவும் மக்கிய குப்பையும் சேர்த்தால் அடுத்த போகத்தில் மண்ணின் நிறமே மாறியிருக்கும்.

புளிப்பு மண்ணே வேண்டும் என்று கேட்கும் பூக்களும் உண்டு. பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மண்ணில் அது நீலமாகப் பூக்கிறது. அதே கொம்பைச் சுண்ணாம்புச் சத்து உள்ள மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாகப் பூவுக்கு ஏறுகிறது. அந்த அலுமினியம்தான் நீலத்தைத் தருகிறது. 'நான் உங்களிடம் நீலக் கொம்புதானே வாங்கினேன், இது ஏன் சிவப்பாகப் பூத்திருக்கிறது?' என்று ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் அந்தச் செடிக்கு அடியில் டொலமைட் போட்டிருந்தார். வெள்ளை வகை மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளையாகவே பூக்கும்.

கொம்பு ஒடித்து வைத்தால் அழுகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு நம் ஆட்களிடம் இருக்கும் பதில் வேறு எங்கும் இருக்காது. வீ.பீ. தேயிலை (விதையில்லாமல் தண்டிலிருந்து வளர்க்கும் தேயிலை) நர்சரியில் வேலை செய்த பெண் ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். அவரிடம் போய்க் கேளுங்கள். தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியது. அங்கே தெரிந்தெடுத்த, '2025' என்ற எண்ணால் அழைக்கப்படும் வகை போன்ற தேயிலை வகைகள் மலை மலையாகப் பரவியது விதையால் அல்ல, துண்டுத் தண்டால். ஒரு இலை, அதன் கக்கத்தில் ஒரு கண், கீழே ஒரு விரல் நீளத் தண்டு. இதைப் பொலித்தீன் பையில் குத்தி, பந்தல் நிழலில், ஈரம் காயாமல் வைத்து, வேர் விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குவார்கள். ஒரு மலைக்குத் தேவையான ஆயிரக்கணக்கான கன்றுகளை அந்தப் பெண்களின் கைதான் உருவாக்கியது. அதே வேலையைச் செவ்வரத்தைக்கோ ஹைட்ரேஞ்சியாவுக்கோ செய்தால் போதும்.

அம்மா செய்வதை அப்படியே சொல்கிறேன். பிஞ்சுத் தண்டும் வேண்டாம், மரமாகிப்போன தண்டும் வேண்டாம். பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும் பென்சில் அளவுத் தண்டு எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரான கத்தியால் ஒரே வெட்டு. ஒடிக்கக்கூடாது, நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். பூவும் மொட்டும் இருந்தால் கிள்ளிவிடுங்கள். பெரிய இலையைப் பாதியாக வெட்டுங்கள். மண்ணில் எரு கலக்கக்கூடாது. இது எல்லோரும் செய்யும் தவறு. வேரே இல்லாத தண்டுக்குச் சாப்பாடு எதற்கு? அடிமண்ணும் மணலும், அல்லது தும்புத்தூளும் மணலும் போதும். தண்டைக் குத்தி, சுற்றி விரலால் அழுத்தி, ஒருமுறை தண்ணீர் தெளித்து, மேலே அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து, நிழலில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் பொறுமை. பிடித்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்கக்கூடாது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் தினமும் இழுத்துப் பார்த்து, நர்சரியில் ஒரு வரிசைக் கன்றை நாசமாக்கினேன். புது இலை வந்து அது விரிந்த பிறகுதான் தொடவேண்டும்.

அந்தூரியம் வைத்திருக்கிறேன். இலை மட்டும் வருகிறது, பூ இல்லை. ஏன்?

மலையகத்தில் அந்தூரியம் இல்லாத வாசல் அரிது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தூரியத்தின் சொந்த ஊர் கொலம்பியாவும் எக்குவடோரும். அங்கே ஈரக் காட்டில், மரத்தின் மேலும் இலைக்குப்பையிலும் வேர் ஓட்டி வாழ்கிற செடி. அதைக் கெட்டி மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித் துண்டு, உடைத்த செங்கல், கொஞ்சம் மக்கிய எரு. இதுதான் அதற்கு நல்ல கலவை. சிலர் ஓடைக்கரையில் நிற்கும் மரப்பன்னத்தை வெட்டி அதன் தண்டில் வைப்பார்கள். அதைச் செய்யவேண்டாம். ஓர் ஆள் உயரப் பன்னம் வளர எத்தனையோ வருஷம் ஆகும். தேங்காய் மட்டை அதே வேலையைச் செய்யும்.

பூ வராததற்குப் பெரும்பாலும் காரணம் இருட்டு. நிழல் வேண்டும் என்றதும் வீட்டு மூலையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். நேர் வெயில் படாத, ஆனால் புத்தகம் வாசிக்கக்கூடிய வெளிச்சம் உள்ள இடம் வேண்டும். இன்னொரு காரணம் அளவுக்கு மீறிய யூரியா. அதற்கு இலைதான் கொழுக்கும். சிவப்பாக நாம் பூ என்று சொல்வது உண்மையில் நிறம் மாறிய ஒரு இலை. நடுவில் நிற்கும் குச்சியில் பொடிப்பொடியாக இருப்பவைதான் பூக்கள். அதனால்தான் அது வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

வருஷங்கள் போகப்போகத் தண்டு நீண்டு செடி சாடிக்கு மேலே எழும்பும். அப்போது பயப்படாமல், பக்கவேர் இரண்டு மூன்று உள்ள இடத்துக்குக் கீழே வெட்டி, மேல் பாதியைப் புதுச் சாடியில் வையுங்கள். அடிக்கட்டையை எறியாதீர்கள். அதிலிருந்து பக்கக் கன்றுகள் வரும். அந்தக் கன்றுகள்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க.

இலையில் ஈரம் ஊறியது போலப் புள்ளி விழுந்து, சுற்றி மஞ்சள் கரை கட்டினால் அது பக்டீரியாக் கருகல். மருந்து தேடி அலையாதீர்கள், அந்தச் செடியை எரித்துவிடுங்கள். நோய் கத்தியில் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். அம்மாவிடம் ஒரு வெள்ளை அந்தூரியம் இருந்தது. அவருடைய சித்தி புசல்லாவையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஒரு ஆடி மாத மழையில் பதினொரு சாடியும் இந்தக் கருகலில் போய்விட்டன. எல்லாவற்றையும் லயத்துப் பின்பக்கம் போட்டு எரித்தோம். அன்று அம்மா சாப்பிடவில்லை. சித்தி அதற்கு முன்னமே காலமாகியிருந்தார், அவர் வீட்டிலும் அந்தச் செடி இல்லை. பிறகு ஒருநாள் கீழ் டிவிசனில் ஒரு மரண வீட்டுக்குப் போனபோது, ஒரு வாசலில் அதே வெள்ளை நிற்கிறது. நாலு வருஷத்துக்கு முன் அம்மா கொடுத்த கன்று. அந்த வீட்டு அக்கா உடனே இரண்டு கன்று பிரித்துக் கொடுத்தார். இன்று எங்கள் வாசலில் நிற்பது அதன் பிள்ளைகள்தான்.

அதிலிருந்து அம்மா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எந்தச் செடியும் மூன்று வீட்டில் இருந்தால்தான் அது தன்னுடையது என்று சொல்வார்.

ஓர்கிட் காட்டில் நிறைய இருக்கிறதே, எடுத்து வரலாமா?

எடுக்கக்கூடாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரிய ஓர்கிட்கள் பாதுகாக்கப்பட்டவை. வெசாக் காலத்தில் பூக்கும் வெசாக் ஓர்கிட் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. ஆசையாகப் பிடுங்கிப் பிடுங்கியே அது காட்டில் அரிதாகிவிட்டது. தவிரவும் காட்டு ஓர்கிட் தன் மரம், தன் ஈரம், தன் பூஞ்சணம் என்று வாழ்வது. வீட்டில் வைத்தால் பெரும்பாலும் செத்துத்தான் போகும்.

நர்சரியில் வளர்த்ததை வாங்குங்கள். அட்டனுக்குக் கீழே என்றால் டென்ட்ரோபியம். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் என்றால் சிம்பிடியம்; அதற்கு இரவுக் குளிர் பட்டால்தான் பூத்தண்டே வரும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஓர்கிட் இல்லத்தை ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்.

கடுபுல் பூ ஒரே இரவில் வாடிவிடுகிறது. ஏதாவது நோயா?

இல்லை, அதன் இயல்பே அதுதான். இரவு ஒன்பது பத்து மணிக்கு விரிந்து விடியுமுன் தொங்கிவிடும். மொட்டு மேல்நோக்கி வளைந்து பருத்துவிட்டால் அன்றோ மறுநாளோ பூக்கும் என்று அர்த்தம். அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் லயத்தில் கடுபுல் பூக்கும் இரவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் விழித்திருப்பார்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம். ஒரு இலைத் துண்டைக் காயவைத்து மண்ணில் குத்தினால் போதும், வேர்விடும். பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

பூ மட்டும் போதாது, சாப்பிடவும் ஏதாவது வேண்டும். எதை வைக்கலாம்?

சவ்சவ் முதலில். முளைவிட்ட காயை அப்படியே, முளை மேலே பார்க்கப் பாதி புதைத்துச் சாய்த்து வைத்தால் போதும். காயைப் பிளந்து கொட்டை எடுக்கக்கூடாது. கொழுந்தையும் சுண்டலாம்.

மரத்தக்காளி ஒன்றரை, இரண்டு வருஷத்தில் காய்க்கும். விதையில் வந்தது உயரமாகப் போய்க் கிளைக்கும். கொம்பில் வந்தது குட்டையாக, அடியிலிருந்தே கிளைக்கும். காற்று அடிக்கும் மேட்டு வீட்டுக்குக் கொம்புதான் நல்லது. வேர் ஆழம் போகாது, அதனால் முட்டுக்கொடுங்கள், அடியில் கொத்தாதீர்கள்.

கொடித்தோடையிலும் ஆனைக்கொய்யாவிலும் பக்கத்து வீட்டின் உதவி நேராகவே தேவைப்படுகிறது. ஊதாக் கொடித்தோடை மேட்டு நிலத்துக்கு ஏற்றது, தனியாகவே காய்க்கும். மஞ்சள் வகை கண்டி, மாத்தளை போன்ற சூட்டு இடத்துக்கு நல்லது. ஆனால் அதற்குத் தன் மகரந்தமே ஆகாது. வேறு ஒரு கொடியின் மகரந்தத்தைக் கருவண்டு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரே கொடியில் வெட்டிய கொம்புகளை ஊரெல்லாம் வைத்தால் எல்லாம் ஒரே கொடிதான், பூத்துப் பூத்து உதிரும். 'மருந்து அடித்தும் காய்க்கவில்லை' என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தக் கொம்பு எங்கிருந்து வந்தது என்பதுதான். வேறு ஊரிலிருந்து ஒரு விதைக்கன்று கொண்டுவந்து பக்கத்தில் விடுங்கள்.

ஆனைக்கொய்யாவின் பூ இரண்டு முறை விரியும். ஒரு முறை பெண்ணாக, ஒரு முறை ஆணாக. சில வகை காலையில் பெண், சில வகை பின்னேரம் பெண். இரண்டு வகையும் கூப்பிடு தூரத்தில் இருந்தால் காய்ப்பு நன்றாக இருக்கும். நீங்கள் ஒட்டுக்கன்று வாங்கினால் எதிர்வீட்டுக்காரர் வேறு வகை வாங்கட்டும். ஒட்டுக்கன்று மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும், கொட்டை போட்டது அதைவிட அதிகம் எடுக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்கவேண்டாம், வேர் அழுகிவிடும்.

நுவரெலியாவில் கறிவேப்பிலை வரவே மாட்டேன் என்கிறதே?

குளிரில் அது தூங்கிவிடும், சாகாது. சாடியில் வைத்து, குசினிச் சுவர் ஓரம், காலை வெயில் படும் பக்கம் நிறுத்துங்கள். தண்ணீரைக் குறையுங்கள். வேர்க்கன்று கேட்டு வாங்கினால் பிழைப்பது அதிகம். விதை என்றால் பழுத்த அன்றே போடவேண்டும், காய்ந்தால் முளைக்காது.

செடி கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நோயில்லாததை மட்டும் கொடுங்கள். இது முதல் மரியாதை. வாழைக்கன்று கொடுக்குமுன் தாய்மரத்தைப் பாருங்கள். புது இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றால் அது வைரஸ்; அந்தத் தூரையே அழிக்கவேண்டும், ஒரு கன்றும் வெளியே போகக்கூடாது. கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டி வெட்டுங்கள்.

மண்ணோடு கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாப் பக்கத்து உருளைக்கிழங்கு நிலங்களில் வேரைத் தாக்கும் மிகச் சிறிய வட்டப்புழு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஒரு பிடி மண்ணில் ஊர்மாறும். மரக்கறிக் காணி வைத்திருக்கும் உறவுக்காரர் வீட்டிலிருந்து செடி வந்தால் வேரைக் கழுவிவிட்டு நடுங்கள்.

கொடுக்கும்போது எந்த உயரத்தில், எவ்வளவு நிழலில் வளர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். செவ்வாய், வெள்ளி வீட்டிலிருந்து எதுவும் கொடுக்கமாட்டோம் என்கிறவர்களை வற்புறுத்த வேண்டாம், ஞாயிறு போய் வாங்கிக்கொண்டால் சரி.

கொடுக்கவே கூடாத செடி ஏதும் உண்டா?

உண்டு. வேலி தாண்டித் தானாகவே பரவும் எதையும் பகிராதீர்கள். அழகான பூ என்று இந்த நாட்டுக்குள் கொண்டுவந்த ஆகாயத்தாமரையைத் தடுக்க 1909ஆம் ஆண்டே தனிச் சட்டம் போடவேண்டி வந்தது. இன்றும் குளம் குளமாக மூடிக்கொண்டிருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூக்கும் முட்புதரும் வெளியிலிருந்து வந்ததுதான். நாயுண்ணியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், எல்லா மலையிலும் நிற்கிறது. ஆகாயத்தாமரையை வாளியில் வளர்க்கிறவர்கள் மிஞ்சியதை ஆற்றில் எறியாமல் காயவைத்து எரித்துவிடுங்கள்.

இந்தியாவுக்குப் போய் வரும்போது ஒரு கன்று கொண்டு வரலாமா?

திருச்சிக்குப் போனவர்கள் பையில் மல்லிகைப் பதியனோ மாங்கன்றோ வைத்து வருவது நமக்குத் தெரியும். ஆசை புரிகிறது, நம் பாட்டன்மார் ஊர் மண் அது. ஆனால் அனுமதியில்லாமல் கொண்டுவரக்கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

இந்தச் சட்டத்தின் நியாயத்தை மலையகத்துக்காரர்கள் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும். நம் முன்னோர் இங்கே முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அதன் பிறகு இருபது வருஷத்துக்குள் மலைமலையாகக் கோப்பி அழிந்தது. கூலி இல்லாமல், போக வழியில்லாமல் நின்றவர்கள் நம் ஆட்கள்தான். ஒரு பூஞ்சணம் ஒரு நாட்டின் பயிரையே மாற்றிவிட்டது. பையில் மறைத்து வரும் ஒரு கன்றில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தச் செடி ஆபத்து?

அலரி, தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தை இரண்டும் வேர் முதல் பூ வரை விஷம். பிள்ளை, ஆடு, மாடு நடமாடும் இடத்தில் வேண்டாம். புள்ளி விழுந்த பெரிய இலையுள்ள டிஃபன்பேக்கியாவைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அப்படி எரியவைக்கும் ஊசி போன்ற உப்பு அந்தூரியத்திலும் உண்டு. வாயில் வைத்துவிட்டால் வாயைக் கழுவி, செடித் துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குரங்கும் பன்றியும் ஒன்றையும் விடுவதில்லை.

குரங்கு தொடாத செடியும் இருக்கிறது: அந்தூரியம், குரோட்டன், சேரை (எலுமிச்சைப் புல்), இஞ்சி, மஞ்சள். இவற்றை வெளி ஓரத்தில் வையுங்கள். சவ்சவ்வும் பழமும் ஆள் நடமாடும் வாசல் பக்கம். கிழங்கு போட்டால் பன்றியும் முள்ளம்பன்றியும் வரும். அதை உரப்பையில் போட்டுப் படிக்கட்டில் வைப்பது நல்லது. வெடியும் கரண்ட் கம்பியும் வேண்டவே வேண்டாம். அதில் செத்த மனிதர்களும் உண்டு.

வீட்டுக்குப் பின்னால் சரிவு. வெட்டித் தட்டு ஆக்கி நடலாமா?

சரிவின் அடியை வெட்டாதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்கமுடியாது. சரிவில் நிற்கும் பெரிய மரத்தையும் வெட்டவேண்டாம். மேலிருந்து வரும் தண்ணீர் ஒதுங்கிப் போகக் கான் வெட்டி, அதில் குப்பை அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்கு வரிசையாகச் சேரையோ வெட்டிவேரோ நட்டால் மேல்மண் ஓடாது. ஆனால் புல் மலையைத் தாங்கும் என்று நம்பவேண்டாம். மண்ணில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் செடியை விட்டுவிட்டு ஆட்களோடு வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் தரும் எச்சரிக்கையைக் கேளுங்கள்.

மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் வளருமாமே?

இல்லை. கேட்டு வாங்கினாலும் வளரும். கேட்டால் எப்படி வளர்ப்பது என்றும் சொல்லித் தருவார்கள்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைக்குச் செடி அனுப்ப வேண்டும். எப்படிக் கட்டுவது?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் கையில் ஒரு கொம்பாவது கொடுத்துவிடுவது நம் வழக்கம். முதலில் எதைக் கொடுப்பது என்று யோசியுங்கள். ஹைட்ரேஞ்சியாவும் டேலியாவும் கொழும்புச் சூட்டில் நிற்காது. குரோட்டன், அந்தூரியக் கன்று, ரம்பை, செவ்வரத்தைக் கொம்பு பிழைக்கும். முதல் நாள் பின்னேரம் தண்ணீர் ஊற்றி, விடியற்காலையில் வெட்டுங்கள். வெட்டிய முனையை நனைத்த கடதாசியில் சுற்றி, அதன் மேல் வாழைமட்டை வைத்து வாழைநாரால் கட்டுங்கள். மட்டையில் இருக்கும் ஈரம் பஸ் போய்ச் சேரும்வரை தாங்கும். பொலித்தீன் பையில் முழுவதுமாக மூடிக் கட்டினால் இன்ஜின் சூட்டில் வெந்துவிடும், வாயைத் திறந்து வையுங்கள். பையை மேல் தட்டில் வைக்காமல் காலடியில் வைக்கச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் அன்றே நடவேண்டாம். ஒரு இரவு வாளித் தண்ணீரில் முனை நனைய நிற்கட்டும், மறுநாள் வெயில் சாய்ந்த பிறகு நடலாம்.